அண்ணன் எரித்த மலை

மலையை எரித்தது அண்ணன்தான். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அவனே சாலைக்கு ஓடி வந்து, வண்டியை மறித்து, "நான்தாங்க, நான்தாங்க" என்று சொல்லிவிட்டான். வண்டியில் இருந்தவர்கள், "சரிங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்றார்கள்.

ஊரிலேயே மரத்தின் மேல் இத்தனை பிரியம் வைத்த ஆள் வேறு கிடையாது என்பதுதான் வேடிக்கை. மலையடிவாரத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். யார் வீட்டு வாசலில் மரம் நின்றாலும் அது அவன் கொடுத்த கன்றாகத்தான் இருக்கும். கேட்டு வாங்கியவர்களைவிடக் கேட்காமலே கிடைக்கப் பெற்றவர்கள் அதிகம். அன்று காலை பண்ணைச் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து, விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்து, காற்றில்லை என்று உறுதி செய்துகொண்டு தீக்குச்சியைக் கிழித்தான். காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் பள்ளம் கொஞ்சம் பெரிதாக விழும், அவ்வளவுதான்.

அவனுடைய தங்கைக்குப் புல்தான் பிழைப்பு. மலைக்கு மேலே மரமே இல்லாத பெரிய புல்வெளி. அதை ஆராய்வதற்கென்று பக்கத்து மேட்டில் ஒரு சின்ன நிலையம் உண்டு. அங்கே புல்லைக் கணக்கெடுக்கிறவள் அவள். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று பெற்றவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வாழ்த்தினார்கள். மூத்தவன் என்பதால் அண்ணன் ஆலமரத்தை எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது அவளுக்கு. அவன் அவளைக் கூப்பிடுவதே "புல்லு" என்றுதான்.

தீ பிடித்த நேரத்தில் நிலையத்தில் நடந்ததை வெளியே சொன்னால் மானம் போய்விடும். அந்தப் புல்வெளி ஒரு காலத்தில் இடி விழுந்து அவ்வப்போது எரிந்து, மறுபடியும் முளைத்து வாழ்ந்த இடம். பல காலமாக யாரும் எரியவிடாததால் பழைய புல் காய்ந்து மெத்தை கட்டி, புதுப் புல் மூச்சுத் திணறிக் கிடந்தது. ஒரு சரிவை மட்டும் பாதுகாப்பாக எரித்துப் பார்க்கிறோம் என்று நிலையத் தலைவர் வருஷா வருஷம் எழுதிப் போடுவார். பரிசீலனையில் உள்ளது என்று வருஷா வருஷம் பதில் வரும். அப்படிப்பட்ட மனிதர், ஜன்னல் வழியே புகையைப் பார்த்ததும், "கொடுமை, கொடுமை" என்று சொல்லிக்கொண்டே அளவு நாடாவைத் தேட ஆரம்பித்தார். தேடும்போது விசில் அடித்தார். அடிப்பது அவருக்கே தெரியவில்லை.

அவள் மட்டும் என்ன? அவளுக்கும் மனசு துள்ளத்தான் செய்தது. மூட்டியது அண்ணன் என்று தெரிந்தது சாயங்காலம்தான். அதற்குள் துள்ளல் அடங்கிவிட்டது. ஆனாலும் துள்ளியது துள்ளியதுதான்.

மறுநாள் சாம்பலில் நடந்து போய்ப் பார்த்தாள். சரிவின் நடுவே, ஒரு புல் தூரின் அடியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வானம்பாடிக் கூடு இருந்தது. தரையில் கூடு கட்டுகிற பறவை அது. உள்ளே இருந்த முட்டைகள் கரிந்து வெடித்திருந்தன. அவள் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். பிறகு கூட்டைச் சுற்றி நாலு கல்லை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். கூட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லும் பேச்சே இல்லை.

அவன் இருந்த இருப்பு அப்படி. தாடி வளர்ந்துவிட்டது. பண்ணைக்குப் போவதில்லை. மலை தெரிகிற ஜன்னலை மூடச் சொல்வான், மூடினால் திறக்கச் சொல்வான்.

"ராத்திரியில எழுந்து கையில சொம்போட நிக்கிறாரு. என்னங்கன்னு கேட்டா, அணைஞ்சிருச்சாங்கறாரு" என்றாள் அண்ணி.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அணைஞ்சிருச்சு, வந்து படுங்கன்னுவேன். தண்ணியைக் குடிச்சிட்டு வந்து படுத்துக்குவாரு."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் அண்ணன் குளித்து, தாடியை எடுத்து, வயிறாரச் சாப்பிட்டான். அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயிரம் கன்று நடப்போகிறானாம். எரிந்த மலை முழுக்க மரம். ஊரையே கூப்பிடுவானாம். பண்ணையில் உள்ள கன்று அத்தனையும் இலவசம்.

விஷயம் கேள்விப்பட்டுத் தங்கை மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, அது மரத்துக்கான இடம் இல்ல. புல்லுக்கான இடம்."

"எல்லா இடமும் மரத்துக்கான இடம்தான். கன்னு வைக்கல, அதனால வளரல."

"மரம் வந்தா நிழல் கட்டும். நிழல்ல அந்தப் புல்லு செத்துரும். புல்லு இருக்கிறதாலதான் மழைத்தண்ணி மண்ணுல இறங்கி ஓடையா வருது. நம்ம குழாயில வர்ற தண்ணி அதுதான்."

"புல்லுதானே" என்றான் அண்ணன்.

இந்த ஒரு சொல்லை அவள் படிக்கிற காலத்திலிருந்து கேட்டு வருகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அது தானா திரும்பி வரும்ணா. நீ ஒண்ணுமே பண்ண வேணாம்."

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். "புல்லு தானா வரும். சரி. நான் பண்ணின தப்பு தானா போகுமா?"

புல்லைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வாள். இதைப் பற்றி நிலையத்தில் யாரும் ஆராய்ச்சி செய்திருக்கவில்லை.

கடைசியில் விவகாரம் நகர ஆணையரிடம் போயிற்று. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் அவருக்குச் சரி என்று படும். அண்ணன் போய்ப் பேசினான், நடலாம் என்றார். அவளும் தலைவரும் போய்ப் பேசினார்கள், நடக் கூடாது என்றார். மறுபடி அண்ணன் போனான். நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்ந்தே களைத்துப்போன ஆணையர் ஒரு வழி சொன்னார்.

"தீக்கு முன்னாடி அளந்த எடம்னு சொல்றீங்கள்ல, அதே எடத்தை இப்பவும் அளந்து காட்டுங்க. புல்லு திரும்பி வருதுன்னா நான் நடவு வேணாம்னு சொல்லிடறேன். ஆனா நடவு நாளுக்கு முன்னாடி வேணும். பேனர் அடிக்கக் குடுத்தாச்சு."

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வருஷக்கணக்காக அளந்து வைத்த இடங்கள் அவை. புல்வெளியில் ஆங்காங்கே கட்டில் அளவுக்குச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நாலு மூலையிலும் குச்சி அடித்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் உள்ளே என்னென்ன புல் எத்தனை தூர் என்று எண்ணி வந்தார்கள். கட்டம் என்பார்கள் அதை. இரண்டு பேரும் நாடாவும், தரையில் வைத்து எண்ணுகிற சதுரச் சட்டமுமாகச் சரிவில் ஏறினார்கள். ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தார்கள். கறுப்பாக இருந்தது.

"மரக்குச்சி" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"தீ."

"ஆமா சார்."

'தீக்குப் பின் புல்வெளி மீளும் விதம்' என்று தலைப்பு வைத்து, அதற்கு எல்லைக்குச்சியை மரத்தில் அடித்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது. மரக்குச்சிதான் வேண்டும் என்று அன்றைக்குக் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். இரும்பு துருப்பிடிக்கும், மேய வருகிற மாட்டின் காலைக் குத்தும், இயற்கையான இடத்தில் இயற்கையான பொருள்தான் பொருத்தம் என்று தலைவர் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள். இடத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது 'இங்கேதான்' என்று காட்டிய இடத்தில் ஒரு பேருந்தை நிறுத்தலாம். கட்டிலைத் தேடுகிறவர்களுக்கு அது போதவில்லை.

இனி போய்க் கேட்கக்கூடிய ஒரே ஆள் அண்ணன்தான். அந்தக் குச்சிகள் அவன் பண்ணையிலிருந்து வந்தவை. கன்றுக்கு ஊன்றுகோலாகச் சீவி வைத்திருந்ததைத் தங்கைக்கென்று கொடுத்தான். நிலையத்துக்காரர்கள் சுத்தியலால் குச்சியை விட்டுவிட்டு விரலை அடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல், தானே ஏறி வந்து எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"உன் குச்சியெல்லாம் போயிருச்சுண்ணா" என்றாள்.

"என் குச்சியா? என் குச்சி எப்படிப் போகும்?" அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேல எரிஞ்சிருக்கும். முழங்கை ஆழத்துக்கு இறக்கியிருக்கேன், அது எங்க போகும்? தேடத் தெரியாம பேசாதே. வா, காட்டறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை அண்ணி வாசலில் நிறுத்தினாள். "ஏங்க, அது கெடைச்சா உங்க நடவு நின்னுருமே?"

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். வேலையைக் குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. சொந்தக் காலில் கோடாலி போடுவதாக இருந்தாலும் வெட்டு சுத்தமாக விழ வேண்டும் என்கிற ரகம்.

கருவி காட்டிய இடத்தில் இருவரும் மண்டியிட்டார்கள். கையால் சாம்பலை வழித்து, மண்ணைத் தடவித் தடவி நகர்ந்தார்கள். சிறிது நேரத்தில் அவள் முழங்கால்வரை கறுத்துவிட்டாள். அண்ணன் மூக்கிலும் கரி. நடுவில் ஒரு மழை பெய்திருந்ததால் சாம்பல் பிசுபிசுவென்று ஒட்டியது. தலைவர் மேலே ஒரு பாறையில் நின்று, "கொஞ்சம் இடது பக்கம்" என்று யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தா" என்றான் அண்ணன்.

தரையில் கைக்குள் அடங்குகிற ஓர் ஓட்டை, நிறையக் கரித்தூள். விரலை விட்டுக் கரியைத் தோண்டி எடுத்தான். அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. சுற்றி மண்ணைக் கிளறி, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். மேல்முனை கரி. கீழே பாதிக் குச்சி பச்சை மரம்போலப் பத்திரமாக இருந்தது, அவன் சாய்த்துச் சீவிய கூர்முனையோடு.

"பாத்தியா? மேல இருந்தது போச்சு, மண்ணுக்குள்ள இருந்தது அப்படியே இருக்கு. நான் அடிச்ச குச்சின்னா சும்மாவா?"

பெருமையாகக் கையை ஊன்றி எழப் பார்த்தான். ஊன்றிய இடம் பக்கத்திலிருந்த ஒரு கரிக்கட்டையான புல் தூர். விரல்கள் உள்ளே இறங்கின. எழவிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஈரமா இருக்கு."

"ஆமா."

"சில்லுன்னு இருக்கு." கரிந்த தாள்களை இரு கையாலும் விலக்கினான். தூருக்கு நடுவில், நகத்தளவுக்கு வெளிறிய பச்சையில் குருத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பக்கத்துத் தூரை விலக்கினான். அதிலும் இருந்தது. மண்டியிட்டபடியே போய் இன்னொன்றைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"இது எப்ப வந்துச்சு?"

"வரலண்ணா. இங்கயேதான் இருந்துச்சு. தீ மேலோட போயிரும். குருத்து அடியில மண்ணோட மண்ணா உக்காந்திருக்கும். பழசு எரிஞ்சதால இப்ப வெயில் படுது, எந்திரிக்குது."

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகம் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்தவனிடம், எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது என்று சொன்னால் முகம் எப்படி இருக்குமோ அப்படி.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே."

"ஒண்ணும் பண்ணாம எப்படிடீ இருக்கிறது?" என்றான். குரல் உடைந்திருந்தது. "மலை போகட்டும். உன் புல்லைத்தானே நான் எரிச்சேன். இத்தனை வருஷம் நீ குனிஞ்சு குனிஞ்சு எண்ணினது. அன்னிக்கு நீ எப்படி அழுதிருப்பேன்னு நெனைச்சா எனக்குத் தூக்கமே வரலை, புல்லு."

சொம்போடு அவன் நின்றது யாருக்காக என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாக்கு நுனியில் ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. அழுதேன், ஆனால் பரவாயில்லை அண்ணா. சொல்லியிருந்தால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சரிவிறங்கியிருக்கலாம்.

"நான் அழலண்ணா" என்றாள். "சந்தோஷப்பட்டேன்."

"என்னது?"

"இது எரியணும்னு நாங்க வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருந்தோம். யாரும் விடலை. நீன்னு தெரியாது அப்ப. சந்தோஷமா இருந்துச்சு. சாரு விசிலே அடிச்சாரு."

அண்ணன் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தான். தலைவர் தூரத்துப் பறவை எதையோ கவனிக்கத் தொடங்கினார்.

"நான் செத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் அண்ணன். "நீ சந்தோஷப்பட்டே."

"ஆமா."

அவன் எழுந்தான். பாதிக் குச்சியை அவள் மடியில் போட்டான். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். அவள் அழுதாள். தீக்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

ஒரு மூலை கிடைத்தபின் மற்ற மூலைகள் நாடாவைப் பிடித்ததும் கிடைத்துவிட்டன. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கும் போனார்கள். எரிந்த தூர்களில் அநேகமாக எல்லாமே குருத்து விட்டிருந்தன. கணக்கைக் கொண்டுபோய் ஆணையர் மேசையில் வைத்தார்கள். அவர் படித்துப் பார்த்து, "ரொம்ப சரி, நடவு வேணாம்" என்றார். உடனே நெற்றியைத் தேய்த்தார்.

"நான் வேணாம்னு சொல்லிடலாம். ஆனா ஊரைக் கூப்பிட்டது உங்க அண்ணன். கன்னு அவரோடது. அவ்வளவு பேரு மம்பட்டியோட வந்து நின்னா நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்? அவரை நீங்களே சொல்லி நிறுத்துங்களேன்."

அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அண்ணன் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான். போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். "பண்ணையில கன்னு ஏத்திக்கிட்டு இருக்காரு" என்பாள். "எங்கேன்னு கேட்டா பதில் இல்லை."

நடவு நாளன்று அவள் விடியும்போதே சரிவின் கீழே போய் நின்றாள். அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். கையில் ஆயுதம் ஒன்றும் இல்லை, அளவுச் சட்டம் மட்டும்தான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது சும்மா பேச்சு. அன்றைக்கு அவளிடம் புல் மட்டுமே இருந்தது. ஊர் வரத் தொடங்கியது. மம்பட்டி, கடப்பாரை, தொப்பி, குழந்தை குட்டி. ஆணையர் புதுச் சட்டையில் வந்தார். 'மலைக்கு உயிர் கொடுப்போம்' என்று பேனர் கட்டினார்கள். இத்தனை பேர் ஒரு தடவை மிதித்து ஏறினாலே அந்தக் குருத்துகள் கூழாகிவிடும், குழிகூட வெட்ட வேண்டாம்.

அண்ணன் லாரியில் வந்து இறங்கினான். அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தான். லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்றான். கூட்டம் அமைதியானது.

"எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றான். "ஆளுக்கு ஒரு கன்னு எடுத்துக்குங்க. ரெண்டுகூட எடுத்துக்கலாம். எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

யாரும் அசையவில்லை.

"உங்க வாசல்ல வைங்க, கொல்லையில வைங்க. தண்ணி நான் வந்து பாத்துக்கறேன். இங்க மட்டும் வேணாம். மலை என்னைக் கேக்காமலே எந்திரிச்சிருச்சு. யாரும் மேல ஏறாதீங்க, குருத்து சின்னதா இருக்கு, மிதிபட்டா போயிரும்."

"அப்ப எரிச்சதுக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"எரிச்சதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்றான் அண்ணன். "கேட்டுப் பாத்துட்டேன்."

ஆணையர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். நடுவதுபோல ஒரு படம் எடுப்பதாக ஏற்பாடு. அண்ணன் அவர் கையில் ஒரு கன்றைக் கொடுத்து மலையைப் பார்க்க நிறுத்தினான். ஆணையர் மரத்தையும் புல்லையும் சேர்த்து ஆதரிப்பதுபோலப் படம் நன்றாகவே வந்தது. கூட்டம் கன்றும் கையுமாகக் கலைந்தது. அண்ணன் பேனரை அவிழ்த்து மடித்து லாரியில் போட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"இன்னும் கோவம் இருக்கு" என்றான்.

"தெரியும்."

"ஊரு மன்னிச்சிருச்சு, ஓசிக் கன்னு கெடைச்சதுல. மலை என்னைக் கண்டுக்கவே இல்லை. நீ சந்தோஷமா இருக்கே." மூக்கை உறிஞ்சினான். "மன்னிச்சிருன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு எடம் வேணாமா, புல்லு? ஒரு சாணளவாவது?"

அவள் மலைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "செருப்பைக் கழட்டு. தூருக்கு நடுவுல காலை வெச்சு வா" என்றாள்.

முன்னால் அவள், பின்னால் அவன். பாதிச் சரிவு ஏறியதும் நின்றாள். நாலு கல்லுக்கு நடுவே கரிந்த கூடு அப்படியே இருந்தது. மழையில் ஓடுகள் கொஞ்சம் வெளுத்திருந்தன.

"வானம்பாடி" என்றாள். "இது மட்டும் திரும்பி வராது."

அண்ணன் குந்தினான். ஒரு மலை அளவுக்குத் தூக்கிச் சுமந்ததைக் கடைசியில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் இறக்கி வைக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது போல. உதடு அசைந்தது. சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, அவளிடம் சொன்னதும் இல்லை. கூட்டைத் தாங்கியிருந்த தூரிலும் குருத்து வந்திருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள்.

அழுது முடித்ததும் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் கையிலிருந்த சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தான்.

"அடுத்த கட்டம் எங்க இருக்கு?" என்றான். "இந்தத் தடவை இரும்புக் கம்பியா அடிச்சுத் தொலைக்கறேன்."